வி 23 சரிதான். பிழை புள்ளிக்குப் பிறகு இருக்கிறது

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி விவரமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் திருச்சியில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்துக் குறியீடு போடும் வேலை. அப்பாவுக்கு 58 வயது. பாபநாசம் பக்கத்தில் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. வயலுக்குப் போய்வர ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன், குறுவை அறுப்பு நேரத்தில், சாயங்காலம் வாய்க்கால் கரையிலிருந்து தார்ச்சாலையில் ஏறி இடதுபக்கமாகக் கொஞ்ச தூரம் வந்திருக்கிறார். சாலையின் மறுபாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே வந்த கார் நெல்லுக்கு ஒதுங்கி இவர் பக்கம் ஏறி வந்து மோதிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். காறை எலும்பும் முறிந்திருக்கிறது.

அப்பா பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்திருக்கிறது. பணம் கேட்டபோது நிறுவனம் மறுத்துவிட்டது. மருத்துவமனை நிரப்பிய கிளைம் படிவத்தில் வி 23.0 என்ற ஐ.சி.டி. குறியீடு (நோய், காயம், விபத்து ஆகியவற்றை வகைப்படுத்தும் எண்) இருக்கிறது, அது மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு உரியது, உங்கள் அப்பாவிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை, ஆகவே பாலிசியின் விலக்கு விதிப்படி பணம் கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள்.

சகோதரி மூன்று கேள்விகள் கேட்கிறார். மிதிவண்டிக்கான வி 13.4 என்று குறியீட்டை மாற்றிவிட்டால் பணம் வந்துவிடுமா? அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருக்கும் தோழி கணினியில் மாற்றித் தருவதாகச் சொல்கிறாராம். உரிமம் இல்லாத அப்பாவுக்குக் காரின் காப்பீட்டிலிருந்தும் எதுவும் கிடைக்காதா? மூன்றாவது, அந்த நெல் சொந்தப் பெரியப்பாவுடையது, அதை எங்கும் சொல்லாமல் விட்டுவிடலாமா? இவற்றுக்கு நடுவே போகிறபோக்கில் ஒரு வரி: "பிக்கப் போதவில்லை என்று அப்பா சொன்னதால் கடைக்காரர் ஏதோ ஒரு வயரைக் கழற்றிவிட்டாராம்."

அன்புள்ள சகோதரிக்கு,

ராடு வைத்த கால் ஊன்றி நடக்க நாளாகும். சம்பா நடவு நேரத்தில் வீட்டின் உழைப்பாளி கட்டிலில் கிடப்பது எவ்வளவு பெரிய சுமை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அவசரத்தில்தான் தோழியின் யோசனை உங்களுக்குச் சுலபமான வழியாகத் தெரிந்திருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

வி 23 என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

உங்கள் தொழிலே இது என்பதால் நேராகப் பேசுகிறேன். நம் மருத்துவமனைகள் பின்பற்றுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10. அதில் போக்குவரத்து விபத்துக்கான எண்கள் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அடிபட்டவர் எதில் வந்தார், அவர் மீது மோதியது எது? நடந்து போனவரைக் கார் மோதினால் வி 03. மிதிவண்டியில் போனவரை மோதினால் வி 13. மோட்டார் சைக்கிளில் போனவரை மோதினால் வி 23.

அப்பா ஓட்டியது சைக்கிள், அதனால் 13 என்பது உங்கள் வாதம். ஆனால் அந்த வகைப்பாட்டின் வரையறையில் மிதிவண்டி என்றால் பெடலால் மட்டுமே ஓடுகிற வண்டி. மோட்டார் பொருத்திய சைக்கிளையும் வேகம் கட்டுப்படுத்தப்பட்ட மோட்டார் இருசக்கரத்தையும் அது மோட்டார் சைக்கிள் பிரிவில்தான் சேர்க்கிறது. நீங்கள் தினமும் புரட்டும் அமெரிக்கப் பதிப்பிலும் அப்படித்தான். 2022 அக்டோபர் 1 முதல் மின்சைக்கிளுக்குத் தனி எண் வந்தது. கார் மோதிய சாலை விபத்து என்றால் மின்சைக்கிளுக்கு வி 23.41, மற்ற மோட்டார் சைக்கிளுக்கு வி 23.49. எண் பிரிந்ததே தவிர, வீடு மாறவில்லை. இரண்டும் வி 23-க்குள்தான் இருக்கின்றன. ஆகவே மருத்துவமனை வி 23 போட்டது சரி. அதை 13 ஆக்கச் சொல்வது சரியான எண்ணைத் தவறாக்கச் சொல்வது.

அப்படியானால் காப்பீட்டு நிறுவனம் சொல்வது நியாயமா? இல்லை. எந்த வண்டியால் எத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்று எண்ணுவதற்காக ஏற்பட்டவை இந்தக் குறியீடுகள். யாருக்கு உரிமம் வேண்டும் என்று முடிவுசெய்யும் வேலை அவற்றுக்குக் கிடையாது. அமெரிக்கப் பதிப்பையே பாருங்கள். நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டரை அங்கே வி 00 வரிசையில், ரோலர் ஸ்கேட், ஸ்கேட்போர்டு ஆகியவற்றோடு பாதசாரிகளின் சாதனமாக வைத்திருக்கிறார்கள். அதை வைத்து, அந்த ஸ்கூட்டரை ஓட்டுபவர் சட்டத்தின் கண்ணில் நடந்து போகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் நாட்டில் எது மோட்டார் வாகனம் என்று சொல்வது மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான். அந்த விதிகளில் 2(யூ) என்று ஒன்று இருக்கிறது. பேட்டரி வண்டியின் மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். பெடல் உதவியோடு ஓடும் வண்டியில், 25-ஐத் தொடும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் தானே நின்றுவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை நிறுவனம் இதையெல்லாம் சரிபார்த்துச் சான்று தந்திருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனமே அல்ல. பதிவெண், உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம்.

எனவே நிறுவனத்துக்கு நீங்கள் எழுதப்போகும் பதிலில் குறியீட்டோடு சண்டை போட வேண்டாம். "குறியீடு சரி. அது மருத்துவ வகைப்பாடு. உங்கள் விலக்கு விதி உரிமம் தேவைப்படும் மோட்டார் வாகனத்தைப் பற்றியது. இந்த வண்டி விதி 2(யூ)-வின்படி அந்த வகையில் வராது, இதோ சான்று" என்று எழுதுங்கள். விலக்கு விதி பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. விதியின் வாசகம் இரண்டு பொருள் தருமானால் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளைத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு வண்டியின் பில், மாடல் பெயர், பரிசோதனைச் சான்றின் நகல் ஆகியவை உங்கள் கையில் இருக்க வேண்டும். சான்றைக் கடையில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் '250 வாட்' ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். விதி கேட்பது 250-க்குக் குறைவு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் சோதனையில் பதிவான திறன்தான் செல்லும்.

உண்மையில் திருத்த வேண்டியது

நீங்கள் அனுப்பிய படிவ நகலில் நான் வேறொரு பிழையைப் பார்த்தேன். எழுதியிருப்பது வி 23.0. புள்ளிக்குப் பின்னால் வரும் 0, பொதுச் சாலையில் நடக்காத விபத்தில் அடிபட்ட ஓட்டுநர் என்று பொருள்படும். பொதுச் சாலை என்றால் 4. டிஸ்சார்ஜ் சம்மரியில் "வயலிலிருந்து திரும்பும்போது" என்று இருப்பதைப் பார்த்து யாரோ வயலுக்குள் நடந்த விபத்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மோதல் நடந்தது தார்ச்சாலையில். வி 23.4 என்று இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் பெரிதாக நினைத்த பிழை பிழையே இல்லை. கவனிக்காமல் விட்ட இந்தப் பூஜ்யம்தான் பின்னால் தொந்தரவு தரக்கூடியது. காரின் காப்பீட்டு நிறுவனம் "பொது இடத்தில் நடந்த விபத்தே இல்லை" என்று ஒரு வாதத்தை எடுத்துக்கொள்ள இது இடம் கொடுக்கும். எஃப்.ஐ.ஆரும் போலீஸ் போட்ட வரைபடமும் இருக்கும்போது அந்த வாதம் நிற்காது. ஆனாலும் திருத்திவிட வாய்ப்பு இருக்கும்போது ஏன் விட்டுவைக்க வேண்டும்?

திருத்தும் முறை இதுதான். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இணையுங்கள். பழைய பதிவை அழிக்காமல், தேதியும் மருத்துவர் கையெழுத்தும் போட்ட கூடுதல் குறிப்பாகத் திருத்தத்தைக் கேளுங்கள். அதே குறிப்பில் "டூ வீலர்" என்று மொட்டையாக இருப்பதற்கு விளக்கமாக, பேட்டரி உதவியோடு ஓடும் மிதிவண்டி என்று குடும்பத்தினர் பில்லைக் காட்டித் தெரிவித்தார்கள் என்று சேர்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டு நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதிகளில் 2002-லிருந்தே இருக்கிறது.

தோழி கணினியில் மாற்றினால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அங்கேயே பதிவாகியிருக்கும். நிறுவனத்திடம் பழைய படிவம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் உண்மையான கிளைம்கூட மோசடி ஆகிவிடும். தோழிக்கு வேலை போகும், போலி ஆவண வழக்கும் வரலாம். இதே தொழிலில் இருக்கும் உங்கள் பெயரும் கெடும்.

முதலில் சேர்த்த அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். பதிவில் (விபத்துப் பதிவேட்டில்) "டூ வீலரில் வரும்போது கார் மோதி" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடவே வேண்டாம். ராத்திரி டியூட்டி மருத்துவர், கூட வந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியது அது. விபத்து நடந்த சிறிது நேரத்தில் எழுதப்பட்டது என்பதுதான் அதன் மதிப்பு. இரண்டு சக்கர வண்டியை டூ வீலர் என்று சொன்னதில் தவறும் இல்லை. எந்த மாதிரி டூ வீலர் என்பதை வண்டியின் காகிதங்கள் சொல்லும்.

அந்த வயர்

கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. இந்த வண்டிகள் பலவற்றில் வேகத்தை 25-க்குள் பிடித்து வைக்க ஒரு லிமிட் வயர் இருக்கும். அதைக் கழற்றினால் வேகம் கூடும். கடைகளில் சாதாரணமாகச் செய்துகொடுக்கிறார்கள். வாங்குபவருக்கு அது ஒரு சௌகரியமாகத் தெரிகிறது. ஆனால் 25-ஐத் தாண்ட முடிகிற நிமிஷத்திலிருந்து அந்த வண்டி விதி 2(யூ)-வின் பாதுகாப்பை இழக்கிறது. அப்போது அது பதிவு இல்லாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். நிறுவனத்தின் மறுப்புக்கு உயிர் வந்துவிடும். உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய், காப்பீடு இல்லாததற்கு முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமும் வரலாம்.

முதலில் கழற்றியது எந்த வயர் என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வயரும் வேக வயர் அல்ல. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் வயராகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் விசாரியுங்கள். வண்டியை இப்போது இருக்கிற நிலையிலேயே வையுங்கள், வயரைத் திரும்ப மாட்டிவிட வேண்டாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்திருந்தால் அவர் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று காவல் நிலையத்தில் நகல் வாங்கிப் படியுங்கள்.

கழற்றியது வேக வயர்தான் என்று உறுதியானால், சொந்தப் பாலிசியில் உங்கள் வாதம் பலவீனமாகும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அதற்காக வண்டியை மாற்றியதே இல்லை என்று கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லி, மோதலுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை, தன் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர் மீது கார் ஏறி வந்தது என்று வாதாடலாம். ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது.

இந்தப் பாலிசிக்கு எங்கே முறையிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு இரண்டு வருடக் கெடு. ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஓம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்க மாட்டார். அதனால் ஓம்புட்ஸ்மேனை முதலில் வையுங்கள்.

காரின் காப்பீடு வேறு கணக்கு

உங்கள் இரண்டாவது கேள்வியில் இருப்பது பலருக்கும் இருக்கிற தவறான எண்ணம். அப்பாவின் பாலிசி அப்பாவுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். காரின் காப்பீட்டிலிருந்து கேட்பது, கார் ஓட்டியவரின் கவனக்குறைவால் அடிபட்டதற்கான இழப்பீடு. ஒன்றில் தோற்றால் மற்றதிலும் தோற்றதாக ஆகாது.

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போட, விபத்தில் ஒரு மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். கார் இருக்கிறது. அப்பா வந்தது சைக்கிளா, மோட்டார் சைக்கிளா, நடந்து வந்தாரா என்பது மனுப்போடும் உரிமையைத் தொடாது. இங்கே உரிமம் இல்லை என்பதும் தடை இல்லை. உரிமம் இல்லாததை மட்டுமே வைத்து ஒருவர் விபத்துக்குத் தானும் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சுதிர் குமார் ராணா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் அடிபட்டவர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிய, 18 வயது நிறையாத பையன்.

அவசரம் இங்கேதான். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுத்தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2019 திருத்தத்தில் வந்த விதி. உங்களுக்கு மூன்று மாதம் போய்விட்டது. காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் முதல் விபத்து அறிக்கை, விரிவான விபத்து அறிக்கை ஆகியவற்றிலும் வண்டியின் வகை எழுதப்பட்டிருக்கும். விரிவான அறிக்கைக்கு 90 நாள்தான் கெடு, அதனால் அது இப்போது தயாராகிக்கொண்டிருக்கும். விசாரணை அதிகாரியிடம் பில்லையும் சான்றையும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

ஊனச் சான்றுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். எலும்பு கூடிய பிறகு மருத்துவக் குழுவிடம் போனால் போதும். காலில் இத்தனை சதவீதம் என்று குழு சொல்வதும் வருமான இழப்பும் ஒன்றல்ல. சேற்றில் இறங்கி நடவும் வரப்பு வெட்டும் வேலையும் செய்த கால் அது. அந்த வேலையை இனி எவ்வளவு செய்ய முடியும் என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிட்டா, அடங்கல், குத்தகைச் சீட்டு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீதுகள், இந்தப் பருவத்தில் அப்பாவுக்குப் பதில் வைத்த ஆளுக்குக் கொடுத்த கூலிக்கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

பெரியப்பாவின் நெல்

மறைக்க முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை. கார்க்காரர் முதல் வாக்குமூலத்திலேயே நெல்லைச் சொல்லியிருப்பார். போலீஸ் வரைபடத்திலும் இருக்கும். நீங்கள் மட்டும் சொல்லாமல் விட்டால், மற்றதையும் மறைத்திருப்பீர்கள் என்று நீதிபதி நினைப்பார்.

உங்கள் பயம், பெரியப்பாவை வழக்கில் இழுக்க வேண்டிவருமோ என்பது. சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அடிபட்டவர் மேல் தவறு இல்லாமல், வேறு இருவரின் தவறு சேர்ந்து விபத்து நடந்தால், அந்த இருவரில் ஒருவரிடமிருந்தே முழு இழப்பீட்டையும் கேட்கலாம். 2015-இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்திருக்கிறது. கார் உரிமையாளரையும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையும் மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும். நெல் கிடந்தாலும், எதிரே வண்டி வரும்போது நின்று வழிவிட வேண்டியது காரை ஓட்டியவரின் கடமை. களமும் வெயிலும் போதாத இடத்தில் ஈர நெல்லை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பொதுவழியை மறித்ததற்குப் பெரியப்பா மேல் காவல்துறை தனியாக வழக்குப் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், சம்மன் வரும்போது தெரிந்துகொள்ள வேண்டாம்.

அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவரும், டியூட்டி மருத்துவரிடம் விவரம் சொன்னவரும் பெரியப்பாதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கார் எந்தப் பக்கம் வந்தது, அப்பா எந்தப் பக்கம் போனார் என்பதை நேரில் பார்த்தவரும் அவர்தான். உங்கள் வழக்குக்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. நெல் தன்னுடையது என்பதையும் சேர்த்து அவர் சொல்லும்போது அந்தச் சாட்சியத்துக்கு எடை கூடும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, வண்டியின் பில் எல்லாவற்றோடும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.